பனிப்பாளத்துக்கு அடியில் பீவர்: பொறி வைக்கும் இடம் எப்படித் தெரிகிறது?

கனடாவின் மானிடோபா மாகாணத்து வடபகுதியில் உள்ள தாம்சன் நகரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே முதல் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கேள்வி இது. உடன் பணிபுரியும், கிரீ என்ற பூர்வகுடிச் சமூகத்து நண்பர் ஒருவர், தமது குடும்பத்தின் ட்ராப்லைனுக்கு, அதாவது பொறி வைக்க உரிமை பெற்ற காட்டுப் பகுதிக்கு, பீவர் என்ற, மரம் வெட்டி அணை கட்டி நீரில் வாழும் கொறிவிலங்கைப் பிடிப்பதைப் பார்க்க வருமாறு அவரை அழைத்திருக்கிறார். முழங்கால் உயரத் தடிப்புள்ள பனிப்பாளத்தில் ஓட்டை போட்டு, அதில் ஒரு கழியைச் செருகிவிட்டு வந்தால் சில நாட்களில் விலங்கு சிக்கிவிடும் என்று நண்பர் சொல்வது அவருக்கு நம்பும்படியாக இல்லை. ‘இவ்வளவு பெரிய குளத்தில், இருட்டில் நீந்தும் விலங்கு, ஓரடி அகலம்கூட இல்லாத பொறிக்குள் எப்படி வந்து மாட்டும்? இது அதிர்ஷ்டமா, கணக்கா? அது வதைபட்டுச் சாகிறதா? நான் போகலாமா?’ என்று கேட்டிருக்கிறார். நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் கேட்கப்படுவது இரண்டுதான் என்று எண்ணுகிறேன். கண்ணுக்குத் தெரியாமல் நடமாடும் விலங்கின் வழியை ஒருவர் எப்படி அறிகிறார் என்பது ஒன்று; அப்படி அறிந்து கொல்வது மனத்துக்கு ஒப்புமா என்பது மற்றொன்று.

வடமேற்கு ஒன்டாரியோவில் வனவிலங்குக் களப்பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையிலும், பொறி வைப்போருக்கான பயிற்சியை முடித்துப் பின்னர் அதே வகுப்புகளில் கற்பிக்க உதவியவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். நான் பழகிய நிலம் பாறைகளுக்கிடையே சிறு ஏரிகளும் ஓடைகளும் நிறைந்தது. யூக்கான், அலாஸ்கா ஆகிய இடங்களின் பெரிய ஆறுகளில் பீவர்கள் கரையைக் குடைந்து வாழ்வது அதிகம்; நீரோட்டமும் வேறு. ஆகவே கீழே சொல்பவற்றை அந்த ஆறுகளுக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம். தாம்சன் சுற்றுவட்டாரம் எங்கள் நிலத்தைப் போன்றதே என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை இதுதான்: குளம் பெரியது, ஆனால் குளிர்காலத்தில் பீவர் புழங்கும் பகுதி மிகச் சிறியது. பீவர் குளிர்கால உறக்கத்துக்குப் போகும் விலங்கு அன்று. கரையில் மரம் வெட்டித் தின்று திரிந்த விலங்கை, நவம்பரில் நீர்ப்பரப்பு உறைந்ததும் பனிப்பாளம் கீழே பூட்டிவிடுகிறது. அதன் பிறகு ஏப்ரல், மே வரை அதற்கு இரண்டு இடங்களே உண்டு: கிளைகளாலும் சேற்றாலும் கட்டிய குடில், அதற்குச் சற்று அப்பால் நீருக்குள் அடுக்கி வைத்த உணவுக் குவியல். இவ்விரண்டுக்கும் இடையே போவதும் வருவதும், நடுவில் மூச்சு வாங்கக் கரையோர வளைகளுக்குள் ஒதுங்குவதும்தான் ஐந்து ஆறு மாத வாழ்க்கை. பதினைந்து நிமிடம் வரை மூச்சை அடக்க வல்லது என்று சொல்லப்பட்டாலும், வழக்கமான முழுக்கு அதைவிட மிகக் குறுகியது; எனவே மூச்சு விடும் இடத்திலிருந்து வெகுதூரம் போகும் துணிச்சல் அதற்கு இல்லை. பகல் இரவு என்ற வேறுபாடும் அங்கே கிடையாது. சூரிய ஒளி எட்டாத அந்த மாதங்களில் பீவரின் ‘நாள்’ 24 மணி நேரக் கணக்கிலிருந்து நழுவி 26 மணி நேரத்துக்கும் மேல் நீள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரவில்தான் சிக்கும், விடியற்காலையில்தான் சிக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கோடைக்கு ஏற்றுக்கொள்ளலாம், குளிர்காலத்துக்கு வேண்டாம்.

ஆகவே வேலையின் பெரும்பகுதி குளிர்காலத்தில் நடப்பதே இல்லை. அக்டோபரில் தண்ணீர் இன்னும் திறந்திருக்கும்போது, உங்கள் நண்பரைப் போன்றவர்கள் படகிலோ நடந்தோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். குடில்மேல் புதிய சேறு பூசப்பட்டிருக்கிறதா, வெட்டுப்பட்ட அடிமரங்களின் நிறம் இன்னும் வெளுப்பாக இருக்கிறதா, அணையில் புதுக் கிளைகள் செருகப்பட்டிருக்கின்றனவா என்பவற்றையெல்லாம் அப்போதே குறித்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் உணவுக் குவியல். அது இருந்தால் குடும்பம் இருக்கிறது. இல்லாவிட்டால், குடில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது பெரும்பாலும் கைவிடப்பட்ட வீடு. குவியலின் பருமனை வைத்து உள்ளே எத்தனை பேர் என்று ஓரளவு ஊகிக்கலாம் என்பார்கள். தோராயத்துக்கு உதவும், எண்ணிக்கைக்கு உதவாது என்பது என் கருத்து. இணை ஒன்று, அந்த ஆண்டுக் குட்டிகள், முந்தைய ஆண்டுக் குட்டிகள் என்று ஒரு குடிலில் நான்கு முதல் ஆறு வரை இருப்பது வழக்கம். ஆனால் துணையில்லாத ஒற்றைப் பீவரும் சில சமயம் பெரிய குவியல் சேர்த்துவிடும்.

இந்தக் குவியலில் புதியவர்களை ஏமாற்றும் ஒரு நுட்பம் இருக்கிறது. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஆல்டர் என்ற மரமாக இருக்கும். ‘இங்குள்ள பீவர் ஆல்டர் தின்கிறது’ என்று முடிவுகட்டி அதையே இரையாகக் கட்டுபவர்கள் உண்டு. உண்மையில் பீவர் தனக்குப் பிடிக்காத ஆல்டரையும் பட்டை உரித்துத் தின்றுவிட்ட கட்டைகளையும் மேலடுக்காகப் போட்டு, அந்தப் பாரத்தால் தனக்குப் பிடித்த ஆஸ்பென், வில்லோ கிளைகளைக் கீழே அமுக்கி வைக்கிறது. மேலடுக்கு பனிக்கட்டிக்குள் உறைந்து போனாலும் நட்டமில்லை. உண்ணத் தக்கது எல்லாம் உறையாத நீரில் கிடக்கும். வெளியே தெரிவது மூடிதான் என்பதை மனத்தில் வைத்தால் இரைக்கு எந்த மரத்தைத் தேட வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

நன்றாக உறைந்த பின் திரும்பி வரும்போது முதலில் பார்க்க வேண்டியது குடிலின் உச்சி. மைனஸ் 25 டிகிரிக் குளிரில், ஆளிருக்கும் குடிலின் உச்சியில் சேறு பூசாத காற்றுவழியைச் சுற்றி, உள்ளிருந்து வரும் மூச்சின் ஈரம் வெண்படிகங்களாகப் பூத்துக் குச்சிகளில் ஒட்டியிருக்கும். காற்றில்லாத காலையில் மெல்லிய ஆவி எழுவதையும் காணலாம். அடுத்து, குனிந்து பனிப்பாளத்தைப் பார்க்க வேண்டும். குளம் உறைந்த முதல் சில வாரங்களில், பனி மூடாத தெளிந்த பாளத்தின் அடியில் வெள்ளைக் குமிழ்கள் காசுகளை வரிசையாகப் பரப்பியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். நீந்தும்போது மூக்கிலிருந்து விடும் காற்றும் உரோமத்திலிருந்து கசியும் காற்றும் மேலே போக வழியின்றிப் பாளத்தில் தங்கிவிடுவதால் உண்டாகும் தடம் அது. குடில் வாயிலிலிருந்து குவியலுக்கும், அங்கிருந்து கரை வளைகளுக்கும் அந்த வரிசை ஓடும். பின்னால் பனி விழுந்து மூடிவிட்டால் குமிழ் தெரியாது. அப்போது கடப்பாரைதான் துணை. முனையில் உளிபோன்ற அலகுடைய அந்தக் கடப்பாரையால் கரையோரமாகத் தட்டிக்கொண்டே போனால், கெட்டியான இடத்தில் ஓர் ஓசையும், பீவர் அடிக்கடி போய்வந்து அடியில் தேய்ந்து மெலிந்த இடத்தில் உள்ளீடற்ற வேறோர் ஓசையும் எழும். இது புதிய உத்தி அன்று. 18ஆம் நூற்றாண்டில் ஹட்சன் விரிகுடாப் பகுதியில் பயணம் செய்த சாமுவேல் ஹெர்ன், அங்குள்ள மக்கள் பனி உளியால் தட்டி ஓசை கேட்டே கரை வளைகளைக் கண்டுபிடித்ததை விவரித்திருக்கிறார். அன்றைக்கு வளைகளின் வாயில் கழிகளை நட்டு அடைத்து, குடிலை உடைத்து, ஒதுங்க இடமில்லாமல் செய்து பிடித்தார்கள். இன்று குடிலை உடைப்பது பல மாகாணங்களில் சட்டப்படி குற்றம். ஓசை கேட்கும் கலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இடம் தெரிந்த பின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரையே இல்லாமல் நீர்த்தடத்தின் குறுக்கே பொறியை நிறுத்துவது. பீவர் தினமும் போகும் வழி, கரையோரச் சேற்றில் சிறு வாய்க்கால்போல் பள்ளமாகியிருக்கும். அதில் 25 சென்டிமீட்டர்ச் சதுரச் சட்டங்கள் இரண்டு சுருள்வில் (ஸ்பிரிங்) கொண்டு இணைந்த ‘330’ என்ற பொறி நிற்கும். பிராங்க் கோனிபேர் என்ற கனடியப் பொறிக்காரர் வகுத்த அமைப்பு அது; 1950களின் பிற்பகுதியில் கடைகளுக்கு வந்தது. சட்டத்தின் நடுவில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு தலையை நுழைத்ததும் இரு சட்டங்களும் கத்தரிபோல் புரண்டு கழுத்திலும் மார்பிலும் அடிக்கும். மற்றொரு வழி, உங்கள் நண்பர் சொன்ன கழி. தொடக்கக் குளிர்காலத்தில் நீர்த்தடப் பொறியும், பிப்ரவரிக்குப் பின் இரைக் கழியும் நன்றாக வேலை செய்யும் என்பதில் நான் அறிந்த பொறிக்காரர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. காரணமும் எளிது: டிசம்பரில் குவியல் புதிதாக இருக்கும்போது வெளியிலிருந்து வரும் ஒரு கிளைக்கு மதிப்பில்லை, மூன்று மாதம் நீரில் ஊறிப் பட்டை புளித்துப் போன கட்டைகளையே கடித்துக்கொண்டிருக்கும் விலங்குக்கு, அன்று வெட்டிய பச்சை ஆஸ்பென் கிளையின் வாசனையும் வெண்மையும் விருந்து.

அந்தக் கழியை எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதை அருகில் நின்று பாருங்கள். நம்பிக்கை தானாக வரும். கழிக்கு எடுப்பது பட்டுப்போய் நின்று காய்ந்த ஸ்ப்ரூஸ் மரம். பச்சைக் கழியாக இருந்தால் பீவர் இரையை விட்டுவிட்டுக் கழியையே கடித்துத் துண்டாக்கும். பொறியும் போகும், விலங்கும் காயத்தோடு போகும். கழியின் நீளம் அடிச்சேற்றில் ஊன்றியது போகப் பனிக்கு மேல் கை பிடிக்கும் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். பொறியைக் கழியில் வில்லோடு சேர்த்துக் கம்பியால் கட்டுகிறார்கள். பனிப்பாளத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் கீழே இருக்கும்படி அளவு பார்க்கிறார்கள். ஏனென்றால் ஒவ்வொரு குளிர் இரவிலும் பாளம் கீழ்நோக்கி வளர்கிறது, வளர்ந்து பொறியைத் தொட்டால் அது அங்கேயே உறைந்து செயலற்றுப் போகும். இரைக்குப் பெருவிரல் தடிப்புள்ள பச்சை ஆஸ்பென் குச்சிகளை எடுத்து, பட்டையை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சீவி வெண்மை தெரியச் செய்து, பொறிக்குச் சற்று மேலே ஆணியும் கம்பியும் கொண்டு அசையாமல் கட்டுகிறார்கள். இழுத்த இழுப்புக்கு வந்துவிடக்கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம். பீவர் குச்சியை அப்படியே பிடுங்கிக்கொண்டு குடிலுக்குப் போய்த் தின்ன விரும்பும் விலங்கு. கையோடு வராத குச்சியை நின்று கடிக்க வேண்டியிருக்கும்போதுதான் உடம்பைத் திருப்பிப் பொறிக்குள் கொண்டுவருகிறது. வாய்க்குள் தண்ணீர் புகாதபடி முன்பற்களுக்குப் பின்னால் உதடுகளை மூடிக்கொண்டு நீருக்குள்ளேயே கடிக்க முடிவதால் அவசரம் எதுவும் அதற்கு இல்லை. எல்லாம் முடிந்ததும் ஓட்டையைத் திறந்த வாக்கில் விட்டுவிட்டு வருவதில்லை. ஸ்ப்ரூஸ் கிளைகளைப் பரப்பி, மேலே பனியைக் குவித்து மூடுகிறார்கள். பனி நல்ல போர்வை. அப்படி மூடிய ஓட்டையைச் சில நாள் கழித்துத் திறப்பது, மூடாததைத் திறப்பதைவிடப் பாதி வேலை.

கழியில் 330 பொறிக்குப் பதிலாக எஃகுக் கம்பிவடத்தால் ஆன சுருக்குக் கண்ணிகளைத் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. ஒரே கழியில் நான்கு பக்கமும் கண்ணி வைக்கலாம், எடை குறைவு, தூரத்துக்குத் தூக்கிச் செல்வது எளிது. ஆனால் எல்லா மாகாணங்களிலும் எல்லாப் பருவத்திலும் இதற்கு அனுமதி இல்லை. பொறிக்காரர்கள் ஓயாமல் வாதாடும் விஷயங்களும் சில உள்ளன. இரைப் பட்டையை முழுக்க உரிப்பதா, பாதி உரிப்பதா, உரிக்காமலே விடுவதா என்பதற்கு ஒவ்வொருவரும் சத்தியம் செய்து ஒவ்வொரு விடை சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை முறையாகச் சோதித்து யாரும் நிறுவியதில்லை. பீவரின் வாசனைச் சுரப்பியிலிருந்து எடுக்கும் காஸ்டரைப் பனிக்கு அடியிலும் தடவலாம் என்பார் சிலர். வசந்தத்தில் பீவர்கள் கரையில் சேற்றுமேடு கட்டி எல்லை குறிக்கும் காலத்தில் அதன் ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது; குளிர்நீருக்குள் அது பயன்படுகிறது என்பதை நான் நம்பவில்லை, மறுக்கவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

இனி இரண்டாம் கேள்வி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சொல்ல முடியாததையும் பிரித்தே வைக்க விரும்புகிறேன். கால்பிடிப் பொறிகளை 1991இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் தடை செய்ய முடிவெடுத்ததை அடுத்து, 1990களின் இறுதியில் கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றிடையே மனிதநேயப் பொறித் தரம் குறித்த உடன்படிக்கை உருவானது. அதன்படி, கொல்லும் பொறி ஒன்று பீவருக்கு ஏற்றது என்று சான்று பெற, சோதிக்கப்பட்ட விலங்குகளில் குறைந்தது 80 சதவீதம் 300 வினாடிகளுக்குள் மீள முடியாதபடி நினைவிழந்திருக்க வேண்டும். 330 வகையில் பல மாதிரிகள் இந்தச் சான்று பெற்றவை. சரியாக அமைந்த பொறி கழுத்திலோ மார்பிலோ அடித்தால் முடிவு விரைவில் வந்துவிடுகிறது. 300 வினாடி என்பது ஐந்து நிமிடம் என்பதையும், மீதி 20 சதவீதத்துக்கு அந்த உறுதிகூட இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உறுதியில்லாதது நீரில் மூழ்கிச் சாவது பற்றியது. கண்ணியிலோ, காலைப் பிடிக்கும் பொறியிலோ பனிக்கு அடியில் சிக்கும் பீவர், அடிபட்டுச் சாவதில்லை; மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் சாகிறது. 1982இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு, இவ்வாறு மூழ்கும் பீவரின் மூளைச் செயல்பாடு நிற்கச் சராசரியாக ஒன்பது நிமிடங்கள் ஆகும் என்று அளந்தது. முழுக்குக்கென்றே அமைந்த உடல் என்பதால், அதற்கு முன்பே இரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் வந்துவிடும், வேதனை இருக்காது என்பது பொறிக்காரர் பலரின் நம்பிக்கை. விலங்கு மருத்துவர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. மயக்கம் தரும் அளவுக்கு வாயு ஏறுவதற்கு முன்பே பிராணவாயுப் பற்றாக்குறையின் தவிப்பு வந்துவிடும் என்கிறார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் மூழ்கடித்தலைக் கருணைக்கொலை முறையாக ஏற்பதில்லை. இவ்விரண்டில் இரண்டாம் தரப்பின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஆகவே என்னிடம் பயின்றவர்களிடம் கண்ணியைவிட 330 பொறியையே எடுக்கச் சொல்வேன். இதைச் சொன்னதற்காக அனுபவம் மிக்க சிலர் என்னோடு முகம் சுளித்ததும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் கருதவில்லை, ஏனெனில் கண்ணியில் வேண்டாத விலங்கு சிக்குவதைக் குறைக்கும் வழிகள் அவர்களுக்குத் தெரியும். வேண்டாத விலங்கு என்று இங்கே முதலில் நிற்பது நீர்நாய். பீவர் குளங்களுக்கு மீன் தேடி வந்து அதே தடங்களில் நீந்தும். பொறியின் விசைக்கம்பியை நடுவில் தொங்கவிடாமல் ஒரு பக்கமாக ஒதுக்கினால், ஒல்லியான நீர்நாய் தொடாமல் கடந்துவிடவும் அகன்ற பீவர் தொட்டுவிடவும் வாய்ப்பு அதிகம். முழுப் பாதுகாப்பு அதிலும் இல்லை.

எத்தனை எடுப்பது, எத்தனை விடுவது என்பது கொல்லும் முறையைவிடப் பெரிய கேள்வி என்று நான் எண்ணுவேன். பனிக்கு அடியில் இருப்பது ஓடி ஒளிய முடியாத குடும்பம். குடில் வாயிலிலேயே பொறிகளை அடுக்கினால் ஒரே வாரத்தில் குடும்பத்தையே துடைத்துவிடலாம். தொப்பிக்கான உரோமத்துக்காக 17ஆம் நூற்றாண்டு தொடங்கி நடந்த வணிகம் அதைத்தான் செய்தது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் பல பகுதிகளில் பீவரைக் காண்பதே அரிதாகிவிட்டது. கியூபெக்கின் ரூபர்ட் ஹவுஸ் பகுதியில் 1930களில் பட்டினியை நேரில் கண்ட, அங்கே உரோம வணிக நிலையத்தை நடத்திவந்த வாட் தம்பதியர், கிரீ மக்களோடு சேர்ந்து பீவர் காப்பிடம் ஒன்றை அமைத்தார்கள்; அங்கிருந்து பெருகியது. 1940களில் மானிடோபாவும் ஒன்டாரியோவும் பதிவு செய்த ட்ராப்லைன் முறையைக் கொண்டுவந்தன. இது என் எல்லை, இங்குள்ள குடில்களுக்கு அடுத்த ஆண்டும் நான்தான் வருவேன் என்ற நிலை வந்ததும் துடைத்தெடுப்பதில் இலாபம் இல்லாமல் போனது. அரசு இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக எழுதுவோர் உண்டு; குடும்பத்துக்கு ஒரு நிலம், அதற்கு ஒரு மூத்தவர் பொறுப்பு என்பது கிரீ மக்களிடம் ஏற்கெனவே இருந்த ஒழுங்கு. நடைமுறையில் பலர் கடைப்பிடிப்பது ஒரு குடிலுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கு. குட்டிகள் குளிர்காலத்தில் குடிலையும் குவியலையும் ஒட்டியே திரிவதாலும், வளர்ந்தவை சற்றுத் தொலைவு செல்வதாலும், பொறியைக் குடிலிலிருந்து தள்ளி வைத்தால் குட்டி சிக்குவது குறையும் என்பது பொதுவான அனுபவம். இணைசேர்க்கை ஜனவரி முதல் மார்ச் வரை பனிக்கு அடியிலேயே நடந்து, சுமார் மூன்றரை மாதத்தில் குட்டி பிறக்கும் என்பதால், பிற்பகுதியில் சிக்கும் பெண் பீவர் பெரும்பாலும் சினையாக இருக்கும். தோல் அப்போதுதான் மிக நன்றாக இருக்கும் என்பது இந்தத் தொழிலின் சங்கடம். அதை இனிக்கச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போகலாமா என்றால், போகலாம் என்பேன். ஆனால் உங்களுக்கு உடனடி ஆபத்து பொறியில் இல்லை, பனிப்பாளத்தில் இருக்கிறது. தெளிந்த கெட்டிப் பாளம் தனி ஆள் நடக்க 15 சென்டிமீட்டரும், ஸ்னோமொபைல் என்ற பனி ஊர்திக்கு 25 சென்டிமீட்டரும் வேண்டும் என்பது கனடிய செஞ்சிலுவைச் சங்கத்தின் அளவு. ஏரி நடுவில் இரண்டடி இருக்கிறது என்ற தைரியத்தோடு பீவர் குடிலை நெருங்கக் கூடாது. நீங்கள் தேடிப் போகும் இடமே, விலங்கின் நடமாட்டத்தால் பாளம் மெலிந்த இடம். அணைக்கு மேற்புறமும், ஓடை வந்து சேரும் வாயும், ஊற்றுள்ள இடமும் அதே வகை. இதைவிட வஞ்சகமானது, அணையில் கசிவு ஏற்பட்டு நீர்மட்டம் இறங்கியிருக்கும் குளம். மேலே பாளம் அப்படியே நிற்க, கீழே தண்ணீருக்கும் அதற்கும் இடையே வெற்றிடம் இருக்கும். நண்பர் கடப்பாரையால் முன்னே குத்திக்கொண்டே நடப்பார். அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்துச் சில அடிகள் பின்னால் வாருங்கள். நீரில் விழுந்தால் பாளத்தில் குத்திப் பிடித்து ஏற உதவும் பனிக்குத்தி ஊசிகளைக் கழுத்தில் தொங்கவிடுங்கள். விழுந்துவிட்டால் நினைவில் இருக்க வேண்டியதை மானிடோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் எளிதாக வகுத்திருக்கிறார்: முதல் ஒரு நிமிடத்தில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்; அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் வெளியேற வேண்டும்; உடல் குளிர்ந்து நினைவு தவற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பதற்றத்தில் முதல் நிமிடத்தை இழப்பவர்களே அதிகம். வந்த திசையிலேயே திரும்பி, கால்களை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து வெளியேறுங்கள். உங்களைத் தாங்கிய பாளம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

விறைப்பேற்றிய 330 பொறியைக் கையால் தொடாதீர்கள். மணிக்கட்டில் அடித்தால் தனியாக இருப்பவர் மற்றொரு கையால் திறப்பது கடினம். அதற்கெனப் பொறிக்காரர்கள் ஒரு கயிற்றை எப்போதும் எட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள், வில்லின் கண்களில் கோத்துக் காலால் மிதித்து இழுக்கும் உத்தியை நண்பரிடம் முதலிலேயே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். தோலுரிப்பதில் உதவினால் கையுறை போடுங்கள். துலரீமியா என்ற பாக்டீரியா நோய் பீவரிடமிருந்து கீறல் வழியே மனிதருக்கு வரும், குளத்து நீரைக் காய்ச்சாமல் குடித்தாலும் வரும். இறைச்சி கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள், நன்றாக வேகவையுங்கள். கருஞ்சிவப்பாக, கொழுப்போடு, மாட்டிறைச்சியைவிட அழுத்தமான சுவை. வாலைத் தீயில் வாட்டித் தோலை உரித்து உள்ளிருக்கும் கொழுப்பை உண்பது முதியவர்களுக்கு விருப்பமானது. எலும்புகளை நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். கிரீ குடும்பங்கள் பலவற்றில் அவற்றை நீருக்கே திருப்பிக் கொடுப்பதோ மரத்தில் கட்டி வைப்பதோ மரபு, நண்பர் வீட்டு வழக்கம் எதுவென்று பார்த்துச் செய்யுங்கள். கடைசியாகச் சட்டம்: அவருக்கு இருப்பது பூர்வகுடிகளுக்கும் அரசுக்கும் இடையிலான உடன்படிக்கையால் காக்கப்பட்ட உரிமை, அழைப்பின் பேரில் அது உங்களுக்கு வந்துவிடாது. பார்ப்பதோடு நிற்காமல் பொறி வைக்கக் கை கொடுக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு உங்களுக்கு எந்த உரிமம், எந்தப் பயிற்சி வேண்டும் என்பதை மானிடோபா வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.